அப்பாவின் பச்சை பெல்ட்டும் வாசல் பெட்டியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. பேத்திக்குக் காது குத்தியாயிற்றா? போட்டோ அனுப்பு.

இங்கே அப்பாவுக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை. நினைவுதான் வருவதும் போவதுமாக இருக்கிறது. விடிவதற்கு முன்பே எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார். வாசல் கேட்டைப் பூட்டி வை என்றான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டை நெருங்குவது உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரிந்தால் போதும், யாராவது கூடவே நடந்துவிட்டு வரலாம். போனில் சொன்னேனே ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் குட்டிக் கம்ப்யூட்டர், அது இதற்குத்தான்.

அவர் கையில் போன் தங்காது. தங்கினாலும் பயனில்லை, இப்போதைய போன்கள் யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காகத் தங்கள் புளூடூத் முகவரியை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஒரு சின்ன பீக்கன் வாங்கினேன், ‘இங்கே இருக்கிறேன்’ என்று புளூடூத்தில் ஓயாமல் சிக்னல் அனுப்பும் கருவி. முகவரி மாறாத ரகம், சிஆர்2032 பட்டன் செல்லில் ஓடுகிறது. எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேட்டிக்கு மேல் அவர் கட்டும் அந்தப் பச்சை பெல்ட் உனக்குத் தெரியுமே? எதை மறந்தாலும் அதைக் கட்டாமல் வெளியே கிளம்ப மாட்டார். அதன் பர்ஸில் சில்லறையோடு சில்லறையாகக் கிடக்கிறது.

சிக்னலை வைத்து எத்தனை மீட்டர் என்று கணக்கிடலாமே, ஃபார்முலா இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் 6 டெசிபல் குறையும். ஆனால் நம் வீடு திறந்தவெளி இல்லையே! புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அப்பா முதுகைக் காட்டி நின்றாலே அளவு சட்டென்று சரிந்துவிடுகிறது. போதாததற்கு, பீக்கன் 37, 38, 39 என்ற மூன்று சேனல்களில் மாறி மாறிக் கூவுகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒவ்வொரு சேனலிலும் ஒவ்வொரு மாதிரி கூடிக் கழிகின்றன. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் எண் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே மீட்டர் கணக்கையே விட்டுவிட்டேன். சிக்னல் பலவீனமாக வந்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம்: சுவர், பீரோ, திரும்பிப் படுத்தது. பலமாக வந்தால் அநேகமாக ஒரே காரணம்தான், ஆள் பக்கத்தில் இருக்கிறார். அதனால் கருவியை உள்ளே வைத்து ‘தூரம் போய்விட்டார்’ என்று கண்டுபிடிப்பதைவிட, கேட் அருகே வைத்து ‘நெருங்கிவிட்டார்’ என்று கண்டுபிடிப்பது எவ்வளவோ சுலபம். கும்பகோணத்து வீடுகளின் நீளம் இதில் நமக்குச் சாதகம். சமையலறைப் பக்கமிருந்து −90க்கு அருகில் கேட்கும் பீக்கன், கேட்டை நெருங்கும்போது −60ஐத் தொடுகிறது (டிபிஎம் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம்). வெளியே போகிறவர் கேட்டைப் பார்த்துத்தானே நடப்பார்? பெல்ட் பர்ஸ் முன்பக்கம் இருப்பதால் உடம்பும் மறைப்பதில்லை.

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ மாடல், திண்ணை மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது. இரும்புப் பெட்டி உதவாது, அலை உள்ளே நுழையாது. பைத்தானில் சின்ன நிரல், பீக்கனின் சிக்னலை அதற்கு ‘பிளீக்’ என்ற லைப்ரரி கேட்டுச் சொல்கிறது. கடைசி ஐந்து அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கிறேன், தாவும் எண்கள் ஒதுங்கிவிடுகின்றன. −65ஐத் தாண்டினால் பஸ்ஸர் ஒலிக்கும், −75க்குக் கீழே போனால்தான் நிற்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் எல்லையில் நின்று விட்டு விட்டுக் கத்தும், வீட்டில் ஒருவரும் தாங்க மாட்டார்கள்.

பஸ்ஸர் வாசலில் இல்லை, சமையலறையில். அவரை மிரட்டுவது நோக்கமில்லையே. பழைய காலிங் பெல் வயரை மெயினிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு அதையே பயன்படுத்திக்கொண்டேன். பஸ்ஸருக்கு வேண்டிய கரண்டை ராஸ்பெர்ரி பையின் ‘பின்’ ஊசியிலிருந்து நேராக இழுக்கக் கூடாது, நடுவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர். பாலிடெக்னிக் லேபில் நாம் கணக்கில்லாமல் எரித்த அதே டிரான்சிஸ்டர்தான்! அப்புறம் கரண்ட் போய் வந்தால் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம் என்பதால் ‘ஓவர்லே’ முறையில் போட்டிருக்கிறேன், கார்டில் எதுவும் எழுதப்படாது. பீக்கன் அரை மணி நேரம் கேட்காவிட்டால் பஸ்ஸர் ஒரு தடவை மட்டும் குரல் கொடுக்கும். செல் தீர்ந்ததா, பெல்ட்டை எங்காவது விட்டுவிட்டாரா என்று பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். தெளிவாக இருக்கும் நாட்களில் டப்பாவுக்குக் கீழே போய் நின்று, “உன் காவல்காரன் முழிச்சிருக்கானா?” என்கிறார். உள்ளே பஸ்ஸர் கத்த, கமலா கரண்டியோடு ஓடி வருவாள், அவர் சிரிப்பார். தெளிவில்லாத நாட்களில் நானோ தம்பியோ செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போகிறோம். டீக்கடை வரை போனதும் பள்ளிக்கூடம் மறந்துவிடும், டீ குடித்துவிட்டுத் திரும்புகிறோம்.

கொல்லைப்புறக் கதவுக்கும் ஒன்று வேண்டும். அங்கே கிணற்றடி இருக்கிறது. உன்னிடம் பழைய ராஸ்பெர்ரி பை ஏதாவது சும்மா கிடந்தால், புளூடூத் உள்ளதாகப் பார்த்து அடுத்த மாதம் வரும்போது எடுத்து வா. அடாப்டர் இங்கே இருக்கிறது.

அன்புடன்,
ராமநாதன்