பதினெட்டு வளைவில் மறித்த லொறிக்கார அண்ணாவுக்கு

கண்டி-மகியங்கனை மலை றோட்டில இருக்கிற பதினெட்டு வளைவால் மகியங்கனைப் பக்கம் இறங்கிய எங்கட திருகோணமலை வானை மறித்து, "பிரேக் மணக்குது, ஓரங்கட்டுங்கோ" என்ற அண்ணாவுக்கு நன்றி. பெயர் கேட்காமல் விட்டிட்டம். மூதூர்ப் பக்கத்து ஆள் எண்டு பேச்சிலேயே தெரிஞ்சது.

கட்டில், தண்ணீர் டாங்கி, காஸ் சிலிண்டர் ஏற்றிய வானை நியூற்றலில் உருட்டினால் முழுப் பாரமும் பிரேக்கில்தான். நீங்கள் சொன்னதுபோல இரண்டாம் கியரில் இறங்கி, பெடலில் காலை வைத்தபடி இராமல், அழுத்தி அழுத்தி விடவேணும். டொட் 3 (DOT 3) வகைப் புது பிரேக் எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சினால் 140 பாகையளவிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி வரும், பெடல் அடிவரை போகும். இரண்டு வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் மாத்துங்கோ எண்டதை அண்டைக்குத்தான் காதில வாங்கினம்.

சூடான பிரேக்கில தண்ணி ஊத்த வெளிக்கிட்ட எங்கட ஆளைத் தடுத்ததுக்குத் தனி நன்றி, சில்லுக்குள்ள இருக்கிற பிரேக் டிரம் விரிசல் விட்டிருக்கும். ஹான்ட் பிரேக்கும் இழுக்கவிடாமல், ரிவேர்ஸ் கியர் போட்டுச் சில்லுக்குக் கட்டை வைத்தீங்கள்.

ஆற்றங்கரையில வான் நிறுத்திறதுக்கு நீங்கள் சொன்னதும் சரி: வெள்ளத்தில சருகும் குப்பையும் ஒதுங்கின கோட்டுக்கு நல்லா மேலே, முகப்பு றோட்டைப் பார்க்க நிறுத்தினம். இங்க வெயில் எறிச்சாலும் மலையில மழை பெய்யும். தண்ணி கலங்கினால் உடனே கிளம்பவேணும்.

உங்கட மரக்கட்டை இரண்டும் எங்களிட்டத்தான் இருக்கு. திருகோணமலைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கோ.