வாலில் 20 கிராம், மூக்கில் 60 கிராம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஃபோம் ஷீட்டில் ரிமோட் விமானம் செய்வது பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். படங்கள் அருமை, அளவுகளும் தெளிவு. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறதே, எங்கெல்லாம் பலவீனமாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் இன்னொரு அடுக்கு ஒட்டிவிடுங்கள், விழுந்தாலும் உடையாது என்று, அதை நம்பித்தான் நான் என் முதல் விமானத்தை ஒழித்தேன். அதாவது உங்கள் கட்டுரை வருவதற்கு முன்பே, என் சொந்தப் புத்தியில்.

இறக்கை நுனிக்கு நுனி 1 மீட்டர், அகலம் 20 செ.மீ. எல்லாம் சேர்ந்து 500 கிராம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். செய்து முடித்துச் சமையலறைத் தராசில் வைத்தால் 700 காட்டியது. தராசுதான் கெட்டுவிட்டதோ என்று அரைக் கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன், தராசு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக அகப்பட்டது. குளூ கன்னில் போடும் பெரிய குச்சி ஒன்று ஏறக்குறைய 20 கிராம். ஒன்று போதுமான இடத்தில் ஐந்து உருக்கியிருந்தேன், அதில் 80 கிராம் கூடுதல். இறக்கையில் இரண்டு சுற்று பேக்கிங் டேப், 40. வால் ஆடாமல் இருக்க ஒட்டிய பட்டைகள், 20. மிச்சம் 60 கிராம்தான் வயிற்றெரிச்சல்.

அது மூக்கில் வைத்த ஈயம். விமானத்தின் ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கை ஒட்டி இருந்தால்தான் ஒழுங்காகப் பறக்கும். என் விமானத்தில் அந்த இடத்திலிருந்து வால் 60 செ.மீ. தூரம், மூக்கு 20 செ.மீ. தூரம். ஆக, வாலில் 1 கிராம் ஏற்றினால் மூக்கில் 3 கிராம் ஏற்ற வேண்டும். வாலுக்குப் பலம் என்று 20 கிராம் ஒட்டப்போய் மொத்தம் 80 கிராம் சுமந்துகொண்டு திரிந்தேன். அதே 20 கிராமை இறக்கையின் நடுவில் ஒட்டியிருந்தால் 20 கிராமோடு போயிருக்கும்.

சரி, 200 கிராம்தானே, பெரிய மோட்டார் போட்டால் போச்சு என்பார்கள். கோவணத்தை எலியிடமிருந்து காப்பாற்றப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கிய சாமியார் கதைதான் அது. பெரிய மோட்டாருக்குப் பெரிய பேட்டரி, அதைத் தாங்க மூக்கில் இன்னொரு அடுக்கு, கனம் இன்னும் கூடும். நேராகப் பறக்கத் தேவையான சக்தியும் எடையை விட வேகமாக ஏறுகிறது: எடை 20 சதவீதம் கூடினால் சக்தி 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

நான் எழுத வந்தது இறங்குவதைப் பற்றி. ஒரு விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பது ஒரு சதுர டெசிமீட்டர் (10 செ.மீ.க்கு 10 செ.மீ.) இறக்கை எத்தனை கிராமைச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தது. என் விமானத்துக்கு 500 கிராம் என்றால் 25, 700 என்றால் 35. முதலாவது வேகம் மணிக்குச் சுமார் 23 கி.மீ. வரை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும், இரண்டாவது 27-க்குக் கீழே போனால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, தலைகுப்புற விழும். நாலு கிலோமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் தரையில் மோதும்போது எடையும் கூடுதல், வேகமும் கூடுதல், வேகம் இருமடிக் கணக்கில் சேர்கிறது. பெருக்கிப் பாருங்கள், எடை 1.4 மடங்கானால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய 2 மடங்கு. உடையாமல் இருக்க ஒட்டியதே உடைக்கிறது. என் விமானம் மூன்றாவது முறை இறங்கும்போது மூக்கு அப்படியே உள்ளே போய்விட்டது, ஈயக் கட்டி பேட்டரியை நசுக்கியபடி உட்கார்ந்திருந்தது. (லிப்போ பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம், அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இங்கே எழுதவில்லை.)

ஆனால் கனத்தை எல்லாம் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அடுத்த விமானத்தில் அந்தத் தப்பையும் செய்தேன். ஃபோம் போர்டின் இரண்டு பக்கக் காகிதத்தையும் நனைத்து உரித்துவிட்டேன், கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்கச் சுருண்டு வந்தது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பறக்க விட்டால் கொஞ்சம் வேகம் எடுத்ததுமே இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டது. காகிதம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, வளைவைத் தாங்குவதே அதுதான். நடுவில் இருக்கும் ஃபோம் இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்திருக்கும் வேலையைத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் உள்பக்கத்தை மட்டும் உரிக்கிறேன், இறக்கைக்குள் ஒரு கார்பன் கம்பி. டெப்ரான், ஈ.பி.பி. என்று காகிதம் ஒட்டாத ஃபோம் வகைகள் உண்டு, அவற்றுக்கு இந்தத் தொல்லை வேறு மாதிரி: முதலாவது விறைப்பாக இருந்து சட்டென்று முறியும், இரண்டாவது மடங்கிப் பழையபடி நிமிரும், ஆனால் கம்பி இல்லாமல் துவளும். ரொம்ப லேசாகச் செய்தால் காற்றடிக்கிற நாளில் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதும் உண்மை. மணிக்கு 23 கி.மீ.யில் பறப்பதற்கு எதிரே 20 கி.மீ. காற்று வந்தால் அது ஆகாயத்தில் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஒரே தடிமன் ஃபோம் போர்டிலேயே ஒன்று மற்றொன்றைவிட இரண்டு மடங்கு கனக்கும், கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். உங்கள் கட்டுரையில் வெறும் 5 மி.மீ. என்று மட்டும் இருக்கிறது. அடுத்த முறை வரைபடம் போடும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் அது எத்தனை கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அச்சிடுங்கள், வாலுக்காவது கட்டாயம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்