கருவி படகில் இருக்கிறது, காணாமல் போவது ஆள்: இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மீன்வளத் துறை, சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

லைஃப் ஜாக்கெட், மிதவை வளையம், டிரான்ஸ்பாண்டர், இஸ்ரோவின் டி.ஏ.டி. அபாய அறிவிப்புக் கருவி. கடல் பாதுகாப்புக்கென்று அரசு கொடுப்பவை, கேட்பவை எல்லாமே படகில் இருப்பவை. படகு கவிழ்ந்தால் அவை உதவும். ஆனால் 15 மீட்டர் ஆழத்தில் இருப்பவரை நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போய், அவர் அரை கிலோமீட்டர் தள்ளி மேலே வந்தால், படகு பத்திரமாகத்தான் நிற்கும். டிரான்ஸ்பாண்டர் படகு இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். தொலைந்தவர் கையில் ஒன்றும் இருக்காது.

ஸ்கூபா சுற்றுலாவாக இருக்கட்டும், ஆராய்ச்சி முக்குளிப்பாக இருக்கட்டும், சங்கு எடுக்கப் போகும் குளியாளாக இருக்கட்டும், இந்த மாவட்டத்தில் தண்ணீருக்குள் இறங்கும் ஒவ்வொருவர் உடம்பிலும் அடையாளக் கருவிகள் கட்டாயமாக இருக்க வேண்டும். படகில் நிற்பவருக்கு முதல் கால் மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

முதலில் நம் கடலைப் பற்றி. ஆழம் குறைவுதானே என்று அதிகாரிகளும் சொல்கிறார்கள், படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளும் சொல்கிறார்கள். இங்கே ஆளைத் தொலைப்பது ஆழம் அல்ல, ஓட்டம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பாம்பன் வழியே தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. வாடை என்னும் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. தீவுகளுக்கு இடையிலும் பவளப்பார் ஓரங்களிலும் ஒரே நாளில் திசை மாறும். ஒரு நாட் வேகம் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். எந்தத் திசையில் போனார் என்று தெரியாவிட்டால், ஒரு மணி நேரம் கழித்துத் தேட வேண்டிய பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் அது 97 ஆகிவிடும். தாமதம் மும்மடங்கானால் தேடும் பரப்பு ஒன்பது மடங்காகிறது. தனுஷ்கோடிக்குக் கிழக்கே என்றால் சர்வதேச எல்லைக்கோடும் பக்கத்திலேயே இருக்கிறது. மிதப்பவருக்கு எல்லை தெரியாது.

தண்ணீருக்கு மேலே தெரிவது தலை மட்டும், ஒரு சாண் உயரம். கறுப்புத் தலைமுடி, கறுப்பு வெட்சூட், கறுப்பு முகமூடி. அலை முனை வெள்ளையாக உடையும் காற்றில், நாட்டுப்படகில் நிற்பவர் கண்ணுக்கு 300 மீட்டரிலேயே அந்தத் தலை தப்பிவிடும்.

ஆகவே ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், ஊதினால் நிமிர்ந்து நிற்கும் அடையாளக் குழாயை வாங்கச் சொல்லுவோம். எஸ்.எம்.பி. என்று டைவிங் கடைகளில் கேட்டால் கிடைக்கும். எல்லாக் குழாயும் ஒன்றல்ல. 1.5 மீட்டருக்குக் குறைந்தது வேண்டாம், 1.8 மீட்டர் இருந்தால் நல்லது. அடிப்பக்கம் திறந்த மலிவான வகை, மேலே வந்ததும் ஒரு அலையில் சாய்ந்து காற்றை விட்டுவிடும். காற்று உள்ளே போகும், வெளியே வராது என்ற வால்வுள்ளதாக, வாயாலும் ஊதக் கூடியதாக, அதிக அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வும் உள்ளதாக இருக்க வேண்டும். நுனியில் ஒரு முழ நீளத்துக்கு எதிரொளிப்புப் பட்டை ஒட்டினால் இரவில் தேடுவிளக்கு படும்போது தெரியும்.

குழாயை ஊதிவிட்டால் மட்டும் அது நிற்காது. அடிமுனையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்து வைத்திருக்க வேண்டும், அல்லது அடியில் அரைக் கிலோ ஈயம் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் படுத்துவிடும். படுத்த குழாய் நம் கடலில் ஆபத்து: தூரத்தில் வலை மிதவை போலத் தெரியும், வலை என்று நினைத்து எந்த ஓட்டியும் ஒதுங்கித்தான் போவார். காப்பாற்ற வேண்டிய படகையே விலக்கிவிடும் கருவியாக அது மாறிவிடுகிறது. பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

அடியிலிருந்தே குழாயை மேலே அனுப்புவது இன்னும் நல்லது. ஆள் வரும் முன்னே படகு பார்த்துவிடும். அதற்கு 30 மீட்டர் நூலுள்ள உருளை வேண்டும். 10 மீட்டரில் பாதி நிரப்பினால் மேலே வரும்போது முழுதாக விரிந்துவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போதும். நூல் உருளையை உடம்பில் கொக்கி போட்டுக்கொண்டு குழாயை விடவே கூடாது. நூல் சிக்கினால் ஆளையும் சேர்த்து மேலே இழுக்கும். மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரல் கிழியும். உருளையைக் கையில் பிடித்து, சிக்கினால் விட்டுவிட வேண்டும்.

சங்குக் குளியாட்களுக்கு இதில் இன்னொரு பயன். படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து மூச்சுக்காற்று வரும் டியூபோடு இறங்குபவர் டியூப் இருக்கும் வரை தொலைவதில்லை. டியூப் வெடித்தாலோ, வேறொரு படகின் விசிறி வெட்டினாலோ தான் அவர் அனாதையாக மேலே வருகிறார். ஸ்கூபாக்காரர் போல ஊதி மிதக்கும் சட்டை அவரிடம் கிடையாது. 1.8 மீட்டர் குழாயில் ஏறத்தாழ 15 லிட்டர் காற்று பிடிக்கும். முதலில் எடைப் பட்டையைக் கழற்றி விட்டு, குழாயை வளைத்து இரண்டு அக்குளுக்கும் கீழே கொடுத்தால் ஒரு ஆள் மிதக்கலாம். படகுச் சத்தம் கேட்டதும் நிமிர்த்திப் பிடிக்கலாம்.

அடுத்து விசில். உள்ளே சிறு உருண்டை இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். உருண்டை உள்ளது நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் காற்றில் இயங்கும் ஊதுகுழல், சட்டையின் காற்றுக்குழாய் இணைப்பில் மாட்டுவது, விசிலைவிட வெகுதூரம் கேட்கும். ஆனால் சிலிண்டரில் காற்று இருந்தால்தான். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் வைத்து மேலே வாருங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தச் சத்தமும் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் கேட்காது என்பதைப் படகுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கண்ணாடி: நடுவில் துளையுள்ள அடையாளக் கண்ணாடி வெயிலில் பல கிலோமீட்டர் மின்னும். கையை நீட்டி, இரண்டு விரலை விரித்து அதற்கு நடுவில் படகையோ ஹெலிகாப்டரையோ வைத்து, வெளிச்சத்தை விரல்களின் மேல் ஆட்ட வேண்டும். வாங்க முடியாதவருக்குப் பழைய சி.டி. போதும், துளையும் இருக்கிறது. இரவுக்கு ஒரு டார்ச், ஒரு மின்னும் விளக்கு. டார்ச்சை விடியும் வரை எரிய விடாமல், எஞ்சின் சத்தம் கேட்கும்போது மட்டும் போட வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி பையிலேயே கிடந்து தானாக இறங்கிவிடும். மின்னும் விளக்குக்கு ஆல்கலைன் பேட்டரியே மேல்.

இவ்வளவும் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற காரியம். மின்னணுக் கருவிகளைப் பற்றித்தான் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தப் புள்ளிகளில் அதுதான் முதலில் கவர்ந்திழுக்கும்.

பி.எல்.பி. என்னும் தனிநபர் அபாய ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களுக்கு நேரே செய்தி அனுப்பும். கைபேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான மாதிரிகள் 10, 15 மீட்டர் ஆழத்துக்குமேல் தாங்காது. டைவிங்குக்கு அழுத்தம் தாங்கும் உறை தனியாக வேண்டும். அந்த உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். இயக்கிய பிறகு அன்டெனாவை நிமிர்த்தி, தண்ணீர் படாமல், வானம் பார்க்கப் பிடித்திருக்க வேண்டும். அலையில் அமிழ்ந்தால் செய்தி போகாது. இந்தியாவில் பயன்படுத்தும் கருவி இந்திய நாட்டுக் குறியீடான 419-ஓடு பதியப்பட்டு, பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில் உரிமையாளர் விவரத்தோடு இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கி அப்படியே கொண்டுவந்தால், யாருடைய கருவி என்ற கேள்வி முதலில் அந்த நாட்டுக்குப் போய்த் திரும்பும்.

கப்பல்கள் தம் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். முறையில் இயங்கும் கருவிகள் சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் தெரியும். 130 மீட்டர் ஆழம் தாங்கும் மாதிரிகூட உண்டு. ஆனால் அதை வாங்கிப் படிக்கும் கருவி நாட்டுப்படகில் கிடையாது. டைவிங் படகில் ஒரு ஏ.ஐ.எஸ். ரிசீவர் இல்லாமல் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் பரிந்துரைக்கும் இரிடியம் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகளை அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். சுற்றுலாப் பயணிகள் அறியாமல் கொண்டுவருகிறார்கள். பதிவு செய்யும்போதே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கணிப்பில், குழுவுக்கு ஒரு பி.எல்.பி., ஆளுக்கு ஒரு குழாய், விசில், கண்ணாடி, விளக்கு. பணம் குறைவென்றால் வெட்ட வேண்டியது பி.எல்.பி.யைத்தான், குழாயை அல்ல.

இனிப் படகில் நிற்பவர். ஆள் வர வேண்டிய நேரம் தாண்டி 10 நிமிடம் ஆனதும் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்க வேண்டும், வி.எச்.எஃப். வானொலிக் கருவி இருந்தால் 16-ஆம் சேனல். நாமே ஒரு சுற்றுத் தேடிப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம் போக்குவதுதான் வழக்கமான தவறு. தேடல் முடிந்த பிறகு அழைப்பதல்ல, அழைத்துவிட்டுத் தேட வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் 1554-ஐ நம்ப முடியாது. அங்கே போகும் படகில் டி.ஏ.டி. அல்லது வி.எச்.எஃப். இல்லாமல் முக்குளிக்க விடக் கூடாது. சொல்ல வேண்டியது: கடைசியாகப் பார்த்த நேரம், ஜி.பி.எஸ். அளவு, எத்தனை பேர், உடை நிறம், நீவாடு எந்தப் பக்கம்.

உடனே இரண்டு அடையாளங்களைத் தண்ணீரில் போட வேண்டும். ஒன்று நங்கூரக் கல்லோடு இடத்தைக் காட்ட. மற்றொன்று மிதந்து போக. மிதக்கும் கேனை வெறுமனே போட்டால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீரில் கிடக்கும் மனிதர் பெரும்பாலும் ஓட்டத்தோடுதான் போவார். கேனுக்குக் கீழே இரண்டு மீட்டர் கயிற்றில், அடியில் சிறு கல் கட்டி, வாய் திறந்த சாக்கைத் தொங்கவிட்டால் அதுவும் ஓட்டத்தோடு போகும். கேன் போகும் பக்கம்தான் ஆளும் போயிருப்பார். தேடும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் மீட்புப் படை உள்ள கடற்கரைகள் குறைவு. இருந்தும் அழைக்கத் தயங்குகிறார்கள் என்றால் காரணம் தெரிந்ததே: அனுமதி இருந்ததா, தேசியப் பூங்கா எல்லைக்குள் போனாயா, கம்ப்ரசர் எதற்கு என்ற கேள்விகள். விதிமீறலை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் அபாய அழைப்பை மட்டும் வைத்து வழக்குப் போட மாட்டோம் என்று நீங்கள் எழுத்தில் சொன்னால், அந்த ஒரு காகிதம் எந்தக் கருவியையும்விட வேகமாக வேலை செய்யும்.

தலை எண்ணுவதும் சிறிய காரியமல்ல. 1998-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் எண்ணிக்கை தவறி ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எண் போட்ட வில்லைகளைப் பலகையில் மாட்டி, இறங்குபவர் தானே கழற்றி எடுத்துப் போய், ஏறியதும் தானே திரும்ப மாட்ட வேண்டும். பலகை நிறையாமல் நங்கூரம் எடுக்கக் கூடாது. அடுத்தவர் வில்லையை மாட்டிவிடும் உபகாரம் வேண்டாம்.

2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கடலில் தொலைந்த நால்வரில் இருவரை நாட்கள் கழித்துக் கண்டெடுத்தது மீனவர்கள். இங்கும் அதுவே நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே, கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் என ஊர் ஊராக, நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சுக் குழாய் வலை மிதவை அல்ல, அதன் அடியில் ஆள் இருக்கிறார் என்று ஏலக்கூடங்களில் படத்தோடு ஒட்டுங்கள். தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு விசிலும் கண்ணாடியும் கொடுங்கள், செலவு அற்பம்.

முக்குளிப்புப் பருவம் தொடங்கும் முன் சோதனை வையுங்கள். மேசை மேல் பரப்பிவைத்த கருவிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. இறங்குதுறைப் பக்கம் ஒவ்வொருவரும் தண்ணீரில் மிதந்தபடி குழாயை வாயால் ஊதி இரண்டு நிமிடம் நிமிர்த்திப் பிடிக்கட்டும். பிடிக்க முடியாதவருக்கு அன்றே கற்றுக்கொடுங்கள். ஓட்டை விழுந்த குழாயை அன்றே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் முக்குளிப்புத் தொழிலிலும் பயிற்சியிலும் இருப்போர்