கார்மென் பெரைராவை எப்போது எழுதுவீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஆப்பிரிக்க விடுதலைச் சிறப்பிதழைப் படித்தேன். அட்டையில் துப்பாக்கி ஏந்திய ஒரு பெண். உள்ளே கானாவின் நிக்ருமா, காங்கோவின் லுமும்பா, கினி-பிசாவின் அமில்கர் கப்ரால் என்று எல்லாக் கட்டுரைகளும் ஆண்களைப் பற்றியவை. அட்டையில் இருப்பவர் பெயரைக்கூட நீங்கள் போடவில்லை. எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவிகள், "போராடிய பெண்களெல்லாம் அப்புறம் என்ன ஆனார்கள்?" என்று கேட்டார்கள். அவர்கள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு நல்ல கட்டுரை எனக்குக் கிடைக்கவில்லை. பழைய இதழ்களையெல்லாம் புரட்டியும் பயனில்லை. கேட்ட பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்புவது எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்கும் தெரியும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுகலின் காலனியாக இருந்த கினி-பிசாவின் விடுதலைப் போராளி கார்மென் பெரைராவைப் பற்றி எழுதுங்கள். இதுதான் என் கோரிக்கை.

அமில்கர் கப்ராலின் விடுதலைக் கட்சியில் அவர் 1962இல் சேர்ந்தார். போர்ச்சுகலுக்கு எதிரான போரில் தென்பகுதி முழுவதற்கும் அரசியல் ஆணையராக, அதாவது கட்சியின் அரசியல் பணிகளுக்குப் பொறுப்பாளராக, உயர்ந்தார். விடுவிக்கப்பட்ட ஊர்களில் ஐந்து பேர் கொண்ட ஊர்க்குழுவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்த கட்சி அது. ஆனால் மேலே, செயற்குழுவில், பெண் என்றால் பெரைரா ஒருவர்தான். கீழே இருந்த விதி மேலே ஏன் ஏறவில்லை என்று கேட்காமல் அந்தப் புரட்சியைப் பற்றி எழுத முடியுமா?

1984இல் நாட்டின் நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவையின் தலைவரானார். அந்த ஆண்டு மே 14 முதல் 16 வரை, புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்த நேரத்தில், நாட்டின் தற்காலிகத் தலைவராகவும் இருந்தார். ஆப்பிரிக்கக் குடியரசு ஒன்றில் அந்தப் பொறுப்பை வகித்த முதல் பெண் அவர். பிறகு அமைச்சர், துணைப் பிரதமர். 1992இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2016 ஜூனில் பிசாவில் காலமானார்.

புகழ்மாலை வேண்டாம். 1980இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் லூயிஸ் கப்ராலை (அமில்கரின் சகோதரர்) கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த வியேராவோடுதான் அவர் தொடர்ந்து பணியாற்றினார். 1986இல் முன்னாள் துணைத் தலைவர் பாவுலோ கொரெயா உட்பட ஆறு பேர் ஆட்சிக்கவிழ்ப்புச் சதி வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சுட்டுக் கொல்லப்பட்டபோது பேரவைத் தலைவர் அவர்தான். இதையும் சேர்த்து எழுதுங்கள். ஆண் தலைவர்கள் என்றால் அவர்களின் தவறு, தடுமாற்றம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அலசுகிறீர்கள். பெண் போராளி என்றால் ஒரு படத்தோடு முடித்துவிடுகிறீர்கள். மற்ற நாட்டுப் போராட்டங்களைப் பற்றிய இதழ்களிலும் இதே கதைதான். படிக்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். பல ஆண்டுகளாக இதைப் பொறுத்துக்கொண்டு சந்தா கட்டிவருகிறோம்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கையில் மாற்றமில்லை. அடுத்த இதழிலேயே கார்மென் பெரைராவின் அரசியல் வாழ்க்கையை, போருக்குப் பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்து, ஒரு முழுக் கட்டுரையாக வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அட்டைப் படத்தில் இருக்கும் பெண் யார் என்று தெரிந்தால் அவர் பெயரையும் அதே இதழில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் சந்தாதாரர்