டீச்சரம்மாவை வழியனுப்ப உதவிய எல்லோருக்கும்

வணக்கம்.

நேற்றுதான் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ராயபுரத்தில், எங்களுக்குச் சமாதான வேலை கற்றுக்கொடுத்த டீச்சரம்மாவின் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, அவர் உட்காரும் அதே கோரைப்பாயில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி அதை எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், இன்னும் தள்ளிப்போட்டால் தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து நாளும் ஒரு முறைகூட முகம் சுளிக்காத செவிலியர்களுக்கு நன்றி. ரத்தம் வேண்டும் என்று சொன்ன ஒரு மணி நேரத்தில் காசிமேட்டிலிருந்து வந்து வரிசையில் நின்ற பையன்களுக்கு, பெயர் கேட்டும் சொல்லாமல் போனவர்களுக்கு நன்றி. தெரு முழுக்க டீ கொடுத்த பாய் கடைக்கு, சாமியானா போட்டுவிட்டு வாடகை வாங்க மறுத்தவருக்கு, மூலக்கொத்தளம் மயானத்தில் அந்த மழையிலும் பொறுமையாக எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்த வெட்டியான் அண்ணனுக்கு, மூன்று ஊர்களிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த பழைய மாணவர்களுக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

ஆனால் ஒருவரைப் பற்றி இங்கேயே விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவருக்கு டீச்சரம்மாவைத் தெரியவே தெரியாது.

காரியத்தன்று டீச்சரம்மாவோடு வேலை செய்தவர்களின் அஞ்சலிகளைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தபோது கையில் இருந்தது மூன்று நாள். வந்து சேர்ந்த அஞ்சலிகளோ ஒன்றுக்கொன்று சேராதவை. யாழ்ப்பாணத்து நண்பர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவருடையது வானவில் எழுத்துருவில் இருந்தது. மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் யூனிகோடில். என் கணினியில் திறந்தால் பாதிப் பக்கம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. இரண்டு அச்சகங்களில் கேட்டேன், நேரம் இல்லை என்றார்கள். தப்பில்லை, கல்யாண சீசன்.

மூன்றாவதாகப் போனது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் டிடிபி கடை. ஒரே ஒரு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவர் முழுக்க மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி மாதிரிகள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பென் டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, "எத்தினி பக்கம் சார்?" என்று கேட்டார். அறுபது இருக்கும் என்றேன். "எப்ப வோணும்?" நாளை மறுநாள் காலை என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "குந்துங்க" என்றார்.

இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று புரியும். அவரிடம் இருப்பது பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள். யூனிகோடை அதில் அப்படியே போட முடியாது, மாற்றிப் போடவேண்டும். மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும், கிரந்த எழுத்து காணாமல் போகும். ஆகவே ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தார். படிக்கப் படிக்கத் தட்டும் வேகம் குறைந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "யார் சார் இவங்க?" என்று கேட்டார்.

என்ன சொல்வது? சமாதானம் படித்தவர், சமாதானம் செய்தவர் என்று சொன்னேன்.

நார்வேக்காரச் சமாதான ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969-ல் எழுதிய கட்டுரையை வைத்துத்தான் எங்களுக்கு டீச்சரம்மா முதல் பாடம் எடுத்தார். அடிதடி நின்றுபோனால் அது ஒரு வகை அமைதி. அடிதடிக்குக் காரணமான அநியாயமும் ஒழிந்தால்தான் முழு அமைதி. இதைப் புத்தகத்தில் படித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். டீச்சரம்மாவோ எங்களைப் பக்கிங்காம் கர்நாடிக் துணி ஆலை இருந்த இடத்திலிருந்து புளியந்தோப்பு வரை வெயிலில் நடத்திக் கூட்டிப்போனார். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் என்று ஒன்றாக நின்ற ஆலைத் தொழிலாளர்கள், 1921 வேலைநிறுத்தத்தில் சாதியால் இரண்டாகப் பிரிந்ததையும், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததையும் நடந்துகொண்டே சொன்னார். கடைசியில் ஒரு தெருமுனையில் நின்று கேட்டார்: "வேலைநிறுத்தம் முடிஞ்சுது. குடிசை எரிஞ்சவங்களுக்கு எது முடிஞ்சுது?" பதினான்கு வருடமாகிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் மாலைதான் நான் சொல்லவந்த விஷயம் நடந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். டீச்சரம்மாவைப் பற்றிப் புத்தகம் போடுவதாகக் கேள்விப்பட்டு, தானும் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று கூடையோடு வந்துவிட்டார். எழுதத் தெரியாது. விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் வலை அறுபட்ட விவகாரத்தில் பேச்சு முற்றி, இரண்டு தெருவும் ஒன்றை ஒன்று பார்க்காமல் இருந்த காலத்தில் டீச்சரம்மாவோடு பழகியவர். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983 சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இருந்தும் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வலை போனது போனதுதான்.

நான் நோட்டை எடுப்பதற்குள் கடைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரை உட்காரவைத்தார். அம்மா பேசப்பேச நேராகத் தட்டினார். இடையில் ஒரு தடவைகூட "அப்புறம்?" என்று அவசரப்படுத்தவில்லை. பேசி முடித்ததும் திரையைப் பார்த்து மெதுவாக முழுவதையும் படித்துக் காட்டினார்:

"டீச்சரம்மா எங்க சண்டைய தீத்து வெக்கல. எங்கள ஒக்கார வெச்சுது. நான் பேசி முடிச்ச அப்பால, நான் இன்னா சொன்னேன்னு எனக்கே திருப்பி சொல்லிச்சு. அத்த கேட்டப்பதான் தெரிஞ்சுது, இம்மா நாளா நான் கத்திகினு இருந்தேன், ஒருத்தரும் கேக்கலன்னு."

படித்துவிட்டு, "இதானம்மா நீ சொன்னது? எதுனா மாத்தணுமா?" என்று கேட்டார்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஆமா, இதான்" என்றார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. டீச்சரம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலையே இதுதான். ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே திருப்பிச் சொல்லவேண்டும். "ஆமா, இதான்" என்று அவர் வாயாலேயே வரவேண்டும். அதற்குப் பிறகுதான் எதிர்த்தரப்புக்குப் பேச முறை. இதைப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரு பாடமும் படிக்காமல், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மனிதர் அதைச் செய்தார்.

அம்மா போனபிறகு, மற்ற அஞ்சலிகளெல்லாம் எழுத்துத் தமிழில் இருக்கின்றன, இதையும் கொஞ்சம் திருத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேணாம் சார். அது அவங்க சொன்னது. சொன்ன மாதிரியே வுட்ருங்க" என்றார். அப்படியே விட்டோம். முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனபோது கைபேசி வெளிச்சத்தில் பிரிண்ட்டை வைத்துப் பிழை திருத்தினார். காலையில் இருநூறு பிரதி, பின் அடித்து, ஓரம் வெட்டி, பழைய செய்தித்தாளில் கட்டித் தயாராக இருந்தது. காகிதத்துக்கும் மைக்கும் மட்டும் கணக்குப் போட்டார். இரண்டு ராத்திரி கூலியைச் சேர்க்கச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். எனக்கு ஒரு பிரதி போதும் என்றார். அண்ணே, அந்த ஒரு பிரதியை நீங்கள் கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பதை முந்தாநாள் பார்த்தேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

புத்தகத்தில் டீச்சரம்மாவைப் பாராட்டி மட்டும் எல்லோரும் எழுதவில்லை. அதிலும் எனக்குச் சந்தோஷம். அவரோடு கல்லூரியில் இருபது வருடம் வேலை செய்த பேராசிரியர், வலுத்தவனையும் இளைத்தவனையும் ஒரே பாயில் உட்காரவைப்பது நியாயமா என்று கடைசிவரை அவரோடு சண்டை போட்டதை அப்படியே எழுதியிருக்கிறார். அந்தச் சண்டை டீச்சரம்மாவை மாற்றியது என்றுதான் நான் நினைக்கிறேன். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சு முட்டி வெளியே ஓடினார்களே, அடுத்த சில நாட்களில் அவரை வந்து பேச்சுவார்த்தை நடத்தித்தரச் சொன்னார்கள். போகமாட்டேன் என்றுவிட்டார். "மூச்சு முட்டுறவங்ககிட்ட போய்ப் பொறுமையாப் பேசுன்னு சொல்றது என் வேலை இல்லப்பா. முதல்ல காத்து வரட்டும்" என்றார். பிறகு ஜனங்களோடு போய் ரோட்டில் உட்கார்ந்தார்.

அவருடைய நாற்பத்தியிரண்டு நோட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. யார் யார் எந்தச் சண்டையில் என்ன சொன்னார்கள் என்று அவரவர் வார்த்தையிலேயே இருக்கும் நோட்டுகள். சொன்னவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வெளியே போகாது. இது நான் அவர் படத்துக்கு முன்னால் நின்று கொடுத்த வாக்கு.

புத்தகம் இன்னும் முப்பது பிரதி மிச்சம் இருக்கிறது, வேண்டுபவர்கள் அறைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லோரையும் பாயில் உட்காரவைத்துப் பேசவைக்கும் சனிக்கிழமை உட்காரல் தொடருமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். தொடரும். மாலை நாலு மணிக்குப் பாய் விரித்திருக்கும்.