ஏட்டையாவைப் பற்றி, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

போலீஸ் ட்ரெயினிங்கிலிருந்து நேற்று போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "இங்க சட்டம் சொல்லித் தர்றாங்க, பரேடு சொல்லித் தர்றாங்க, ஸ்டேஷனுக்குப் போனா அங்க என்னப்பா பண்றது?" என்றாய். அதற்குள் ரோல் கால் என்று வைத்துவிட்டாய். எழுதினால்தான் முழுசாகச் சொல்ல முடியும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

1997-இல் நான் ஏ.ஆர். என்கிற ஆயுதப்படையிலிருந்து லோக்கல் ஸ்டேஷனுக்கு வந்தேன். மதுரையில் மாசி வீதிகளுக்குள் ஒரு ஸ்டேஷன். நாலு வருஷம் பந்தோபஸ்தும் எஸ்கார்ட்டுமே பார்த்தவன், எனக்கு லத்தியைத் தவிர ஒன்றும் தெரியாது. முதல் ராத்திரியே ஏட்டையாவோடு பீட்டுக்கு அனுப்பினார்கள், நீ சின்ன வயசில் மீசைத் தாத்தா என்று கூப்பிடுவாயே, அவர்தான். பேங்க் வாசல், கோயில் சுவர், நகைக்கடை என்று அங்கங்கே பட்டா புத்தகம் இருக்கும், நேரம் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு எல்லாப் புத்தகத்திலும் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும். அவரோ ஒவ்வொரு ஷட்டரிலும் நின்று, குனிந்து, பூட்டைக் கையில் பிடித்து ஒரு இழு இழுப்பார். "டார்ச் அடிச்சுப் பார்த்தா எல்லாப் பூட்டும் பூட்டின மாதிரிதான்யா தெரியும்" என்பார். எப்போதாவது ஒரு பூட்டு கையோடு வரும், கடைக்காரர் அவசரத்தில் சரியாக அமுக்காமல் போயிருப்பார். அந்தக் கடை வாசலில் என்னைக் காவல் வைத்துவிட்டு அவரே போய் முதலாளியை எழுப்பிக் கூட்டி வருவார்.

பிளாட்பாரத்தில் யார் எந்த இடத்தில் படுப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். புது ஆள் படுத்திருந்தால் லத்தியால் தட்டி எழுப்ப மாட்டார், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் மெதுவாகக் கேட்பார். விடியற்காலையில் மூட்டை இறக்கும் லோடுமேன்கள், டீக்கடை மாஸ்டர், முதல் பஸ்ஸுக்கு வருகிற பூக்காரம்மா, எல்லாரும் அவரிடம் பேசுவார்கள். என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது சொல்லப் போவதை உன் அம்மாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு சைக்கிள் திருட்டுப் புகாரில் ஒரு பையனைக் கூட்டி வந்தோம், பதினேழு பதினெட்டு வயசு இருக்கும், பட்டறையில் வேலை. கேட்டதற்கு அவன் பதில் சொல்லாமல் நின்றான், நான் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். சாயங்காலமே தெரிந்துவிட்டது, சைக்கிளை எடுத்துப் போனது புகார் கொடுத்தவரின் சொந்தத் தம்பி. ஏட்டையா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் அந்தப் பையனை டீக்கடைக்கு வரச் சொல்லி என்னையும் அங்கே கூட்டிப் போனார். மூன்று டீ. அவன் கிளாஸைப் பிடித்த கை நடுங்கி டீ சட்டையில் சிந்தியது. துடைத்துக்கொள்ளக்கூட அவன் பயந்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மன்னிப்புக் கேட்டேன், அது அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. திரும்பி நடந்து வரும்போதுதான் ஏட்டையா சொன்னார்: "அந்தக் கை நடுங்குற வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தனும் உனக்கு உண்மையைச் சொல்ல மாட்டான்யா." அதற்கப்புறம் நான் யார் மேலும் கை வைத்ததில்லை.

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, நீ படித்திருப்பாய். கைது செய்தால் நேரம், தேதி போட்டு மெமோ எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்கணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், காவலில் இருந்தால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கணும் என்று 11 கட்டளைகள். எங்கள் ஸ்டேஷன் சுவரில் பெயின்டர் அதை எழுதி முடித்ததும் ஏட்டையா எங்களை நிற்க வைத்து வரிவரியாக வாய்விட்டுப் படித்தார். சிலர் சிரித்தார்கள். அவர் கடைசி வரி வரை படித்தார்.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட அப்பாவும் மகனும் காவலில் இறந்துபோன செய்தி வந்த ராத்திரி அவர்தான் எனக்குப் போன் பண்ணினார். ரிட்டையர் ஆகி எத்தனையோ வருஷம் ஆனவர், குரல் உடைந்து அழுதார். "அப்பனையும் மகனையுமாய்யா" என்றதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. பின்னால், அதே ஸ்டேஷனின் ஒரு பெண் தலைமைக் காவலர் நடந்ததை மாஜிஸ்டிரேட்டிடம் சொன்னார் என்று தெரிந்தபோது, "அந்தப் பிள்ளைய பெத்தவ நல்லா இருக்கணும்" என்றார். பாப்பா, நீ அந்தத் தலைமைக் காவலர் மாதிரி இருக்கணும் என்றுதான் நான் சாமி கும்பிடுகிறேன்.

நாங்கள் வாய்ப்பாடு மாதிரி படித்த செக்ஷன் நம்பரெல்லாம் ஐ.பி.சி. போய் பி.என்.எஸ். என்கிற புதுச் சட்டம் வந்த 2024 ஜூலை 1-இல் மாறிவிட்டது. எனக்குத் திருட்டு என்றால் 379, உனக்கு 303. சட்டத்தில் இனி நீதான் எனக்குச் சொல்லித் தரணும். ஆனால் ஸ்டேஷனில் உன்னைவிட முப்பது வயசு மூத்த ஒரு ஏட்டு, தோளில் இரண்டு ஸ்டார் இருக்கிற உன்னை மேடம் என்று கூப்பிட்டு எழுந்து நிற்பார். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவரிடமே கேள். அவர் உட்கார்ந்தபிறகு கேள். எல்லா மூத்தவரும் ஏட்டையா மாதிரி இருக்க மாட்டார்கள், தப்பான பழக்கம் சொல்லித் தருகிறவர்களும் இருப்பார்கள். தெருவில் ஜனங்கள் யாரிடம் தாமாக வந்து பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் பார், உனக்கே தெரிந்துவிடும். புகாரோடு வருகிறவரை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. புகாரை வாங்கினோம் என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்காமல் யாரையும் அனுப்பாதே.

உன் பிறந்த நாளுக்கும் பொங்கலுக்கும் நான் வீட்டில் இல்லாத வருஷங்கள்தான் அதிகம். எங்களுக்கு வார ஓய்வுக்கான ஆணையே 2021-இல்தான் வந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் நீ அம்மா இடுப்பில் இருந்துகொண்டு கூட்டத்துக்குள் என்னைத் தேடுவாயாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தும் இதே காக்கியை நீ கேட்டு வாங்கியது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா.

பாசிங் அவுட் முடிந்து வந்ததும் ஒருநாள் மேலூருக்குப் போய் ஏட்டையாவைப் பார்த்துவிட்டு வருவோம். யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வா, பார்க்கணும் என்றார். இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை, வலது பக்கமாக உட்கார்ந்து பேசு. அம்மா அவருக்குச் சீடை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள், பல் இல்லை, கொஞ்சம் மெத்தென்று செய்யச் சொல்லணும்.

உன் அப்பா