மூலிகை கேப்ஸ்யூல் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மூட்டு வீக்கத்துக்கு மூலிகைகள் என்று முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். மஞ்சள், அமுக்கரா (அஸ்வகந்தா), சீந்தில், சுருள்பாசி (ஸ்பைருலினா) எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, பக்க விளைவே கிடையாது, எதிர்ப்பு சக்தி கூடும், முடக்கு வாதம், சொரியாசிஸ், லூபஸ் எல்லாம் அடங்கிவிடும் என்று எழுதியிருந்தது. நான் ஈரோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மருந்தாளுநர். இப்படி ஒரு பக்கம் வந்தால் திங்கட்கிழமை காலையிலேயே அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் கடைக்கு வந்துவிடுவார்கள், அதில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த எதிர்ப்பு சக்தி விஷயம். சளி காய்ச்சல் அடிக்கடி வருகிறவரிடம் எதிர்ப்பு சக்தி கூடும் என்று சொன்னால் சரி, ஏதோ சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். முடக்கு வாதக்காரருக்கும் லூபஸ்காரருக்கும் பிரச்சினையே அந்த சக்திதான். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் சொந்த மூட்டுச் சவ்வையும் தோலையும் சிறுநீரகத்தையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. டாக்டர் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அசத்தியோபிரினும் ஸ்டீராய்டும் அதை அடக்கத்தான். ஒரு பக்கம் அடக்க மாத்திரை, இன்னொரு பக்கம் அதையே தூண்டிவிடக் கஷாயம் என்றால் எது ஜெயிக்கும்? உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

மஞ்சளுக்கு வருகிறேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரன் மஞ்சளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் விஷயம் இருக்கிறது. ஜப்பானில் 2006இல் வெளியான ஒரு ஆய்வில், எதிர்ப்பு சக்தி குடலையே தாக்கும் பெருங்குடல் புண் நோய் வந்து அடங்கியிருந்த 89 பேர், வழக்கமான மாத்திரையோடு சேர்த்து ஆறு மாதம் தினம் 2 கிராம் குர்குமினோ (மஞ்சளின் முக்கியச் சத்து) மருந்தே இல்லாத வெறும் போலி மாத்திரையோ சாப்பிட்டார்கள், குர்குமின் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது நன்றாகவே குறைந்திருந்தது. 2012இல் கேரளத்தில் 45 முடக்கு வாத நோயாளிகளை வைத்து ஒரு சிறிய ஆய்வு, குர்குமின் டைக்ளோபினாக் அளவுக்கு வலியைக் குறைத்தது என்றார்கள். நல்லதுதான். ஆனால் 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தால் குழுவுக்கு 15 பேர், போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவும் இல்லை. டைக்ளோபினாக் வெறும் வலி மாத்திரை, மூட்டு அரிப்பதை அது நிறுத்தாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பான் ஆய்விலும் பழைய மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை, இதைக் கட்டுரை எழுதுகிறவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் குழம்பு மஞ்சள் வேறு, கேப்ஸ்யூல் மஞ்சள் வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 95 சதவீதம் குர்குமின் என்று போட்ட 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று, கணக்குப் போட்டால் ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். தினம் இரண்டு என்றால் 30 கிராம். எந்த வீட்டிலும் ஒரு ஆள் தினம் 30 கிராம் மஞ்சள் சாப்பிடுவது கிடையாது, அதனால் "நம் பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோமே" என்ற வாதம் இந்த டப்பாவுக்குப் பொருந்தாது.

இதோடு மிளகு சேர்க்கிறார்கள். குர்குமினை உடம்பு சரியாக உறிஞ்சாது, குடலும் ஈரலும் உடனே உடைத்து வெளியே தள்ளிவிடும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச் சத்து, சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு கூடியது. அதை வைத்துத்தான் எல்லா டப்பாவிலும் '20 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சேர்க்காதபோது ஏறியது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பதைப் போடுவதில்லை. பைப்பரின் என்ன செய்கிறது? மருந்துகளை உடைக்கும் ஈரல் நொதிகளை மட்டுப்படுத்துகிறது. மட்டுப்பட்டால் குர்குமின் மட்டுமா தங்கும்? பிரஷருக்குச் சாப்பிடும் ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோபிலின், வலிப்புக்கான பெனிடாயின் இவையும் ரத்தத்தில் கூடுகின்றன, இதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே முப்பது வருடத்துக்கு முன்னால் காட்டிவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் கேப்ஸ்யூல் பக்கம் போகவே வேண்டாம், நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

ஈரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை லிவர் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருப்பவர். அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைப் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து கண்காணிக்கின்றன, 2004 முதல் 2022 வரை அதில் மஞ்சள் மாத்திரையால் வந்தது என்று உறுதியானவர்கள் 10 பேர். 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். 7 பேருக்கு ஒரே வகை மரபணு இருந்தது, அதாவது எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரியாது. கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் 10 என்பது சின்ன எண்ணிக்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன், பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் லிவர் டெஸ்டில் எண் ஏறும்போது டாக்டருக்கு இந்தக் கேப்ஸ்யூல் விஷயம் தெரியாவிட்டால், அவர் மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் சந்தேகப்பட்டு நிறுத்துவார். வேலை செய்துகொண்டிருந்த மருந்து போய்விடும், காரணமான டப்பா அலமாரியிலேயே இருக்கும்.

சீந்தில் இன்னும் நேரடியான சிக்கல். கொரோனா சமயத்தில் கபசுரக் குடிநீரிலும் அது இருந்தது, தனியாகப் பொடியாகவும் சாறாகவும் ஆட்கள் மாதக்கணக்கில் குடித்தார்கள். மும்பை டாக்டர்கள் 2021இல் 6 பேரைப் பற்றி எழுதினார்கள், எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கும் வகையான மஞ்சள் காமாலை. அடுத்த ஆண்டு நாடு முழுவதும் 13 மையங்களிலிருந்து 43 பேர் என்று பெரிய தொகுப்பு வந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது, சீந்திலைப் போலவே இருக்கும் வேறொரு கொடியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றது. இருக்கலாம். ஆனால் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைத்து ஆன்லைனில் வரும்போது அது எந்தக் கொடி என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அமுக்கராவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தூக்கத்துக்கு என்று இதை எடுத்தால் படபடப்பு வந்து நிற்பார்கள். நம் ஊரில் தைராய்டு குறைவு வரும் பெண்களில் நிறைய பேருக்கு அதுவே எதிர்ப்பு சக்தி தன்னைத் தாக்கும் நோய்தான். டென்மார்க் 2023இல் அமுக்கராவையே தடை செய்துவிட்டது, அது கொஞ்சம் அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன். சுருள்பாசி சாப்பிட்டபின் தசையும் தோலும் சேர்ந்து அழலும் நோய் கிளம்பிய நோயாளிகளைப் பற்றி 2004இலேயே எழுதியிருக்கிறார்கள். அல்பால்பா என்று அழகான டப்பாவில் வருவது நம் பக்கம் மாட்டுக்குப் போடும் குதிரைமசால், அதன் முளையைக் குரங்குகளுக்குக் கொடுத்து லூபஸ் மாதிரியே நோய் வந்தது 1982ஆம் வருடத்துச் செய்தி. லூபஸ்காரர்களுக்கு அது ஆகாது.

செடியிலிருந்து வந்தால் வேலை செய்யாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம், மெத்தனமாக எடுக்கக் கூடாது என்கிறேன். சீனாவில் இடிக்கடவுள் கொடி என்ற அர்த்தத்தில் ஒரு செடிக்குப் பெயர், அதன் வேர்ச் சாறு முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் அளவுக்கு வேலை செய்தது என்று 207 பேரை வைத்து 2014இல் ஆய்வு வெளியானது. அதே வேர் பெண்களுக்கு மாதவிடாயை நிறுத்தும், ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும். நம் சித்த மருத்துவத்தில் வாதத்துக்குச் சேராங்கொட்டை இருக்கிறது. சுத்தி செய்யாமல் தொட்டால் கை கொப்பளிக்கும் என்று எந்தச் சித்த மருத்துவரும் முதல் வார்த்தையாகச் சொல்வார். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது, மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே போய் நாடி பார்த்து, பத்தியம் கேட்டு, இத்தனை நாள்தான் என்று எழுதி வாங்குவதும், வாட்ஸ்அப்பில் வந்த லிங்கை அழுத்தி மூன்று மாதக் கோர்ஸ் வரவழைப்பதும் ஒன்று கிடையாது.

கடைக்காரனாக எனக்கு அதிகம் கவலை தருவது வேறு ஒன்று. நாட்டு மருந்து என்று சொல்லி பெயர், லைசென்ஸ் எண் எதுவும் இல்லாத உருண்டையைச் சிலர் கொண்டுவந்து காட்டுவார்கள், "மூணே நாள்ல வீக்கம் வத்திடுச்சுங்க" என்பார்கள். மூலிகை மூன்று நாளில் முடக்கு வாத வீக்கத்தை வற்ற வைக்காது, ஸ்டீராய்டு வற்ற வைக்கும். கூடவே பசி எடுக்கும், முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும். ஆளும் தெம்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். இது என் கற்பனை இல்லை, 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ., ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் மூட்டு வலிக்கு விற்ற மாத்திரையைச் சோதித்தபோது லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோபினாக்கும் உள்ளே இருந்தன. இதில் இன்னொரு கண்ணி உண்டு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போன உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், திடீரென்று உருண்டையை நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயங்கி விழுவார்கள். அதனால் அப்படி எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய் தாங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மூட்டு வலி என்று வருகிற எல்லோருக்கும் ஒரே நோயும் கிடையாது. வயதானவருக்கு முழங்கால் தேய்மானம் ஒன்று, மஞ்சள் கேப்ஸ்யூல் ஆய்வுகளில் ஏராளமானவை அதைப் பற்றியவைதான், அவர்களுக்கு ஓரளவு வலி குறையலாம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல், இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்கினால் அது வேறு கதை. அதில் முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அந்த நேரத்தில் சரியான மருந்து விழுந்தால் எலும்பு அரிக்காமல் காப்பாற்றலாம், கோணிப்போன விரலை அப்புறம் எந்த வைத்தியமும் நேராக்காது. கேப்ஸ்யூலால் வரும் பெரிய நஷ்டம் பல நேரம் பக்க விளைவுகூட இல்லை, இந்த மாதங்கள் வீணாவதுதான். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மாதம் ஆகும் செலவு அந்த டப்பா விலையில் பாதிகூட வராது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது.

கடைசியாகச் சட்டம், இது உங்களுக்கும் சேர்த்துத்தான். உணவுத் துணைப்பொருளாக விற்கும் டப்பாவில் மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று அச்சிட்டே ஆக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதி, அந்த வரி கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருக்கும். 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர நிவாரண விளம்பரச் சட்டம் 54 நோய்களைப் பட்டியல் போட்டு இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது, வாத நோயும் லூபஸும் அதில் இருக்கின்றன. விளம்பரத்தைக் கொடுத்தவர் மட்டும் இல்லை, வெளியிடுவதில் பங்கெடுப்பவரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். உங்கள் கட்டுரைக்கு நேர் கீழே நான்கு பத்தி அகலத்தில் எந்த விளம்பரம் வந்திருந்தது என்று பழைய பேப்பரை எடுத்துப் பாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு வாத நோய் நிபுணரையும் ஒரு பதிவு பெற்ற சித்த மருத்துவரையும் கேட்டு அதே பக்கத்தை மறுபடி எழுதுங்கள், எந்த மாத்திரையோடு எது சேராது என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், சாப்பிடுகிற மூலிகை டப்பா எல்லாவற்றையும் அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது கேப்ஸ்யூல் விளம்பரத்தை வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
ஈரோடு.